பெட்டிக்குள் ஒரு பெயர்: செக்ரோல் முதல் இணையப் படிவம் வரை



நம் நாட்டில் ‘படிவம்’ என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இடைநிலைப்பள்ளி வகுப்புதான் நினைவுக்கு வரும். படிவம் ஒன்று, படிவம் இரண்டு என்று அவர்கள் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். நிரப்பிக் கொடுக்கும் தாளைத் தோட்டத்துப் பெரியவர்கள் ‘பாரம்’ என்பார்கள். “பாரம் எழுதிக் கொடுங்க வாத்தியாரே” என்று கேட்டு வரும் பெற்றோரை அறியாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இருக்க முடியாது. இணையப் பக்கத்தில் பெயர், முகவரி, பிறந்த நாள் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் பகுதியும் இந்தப் பாரத்தின் வழித்தோன்றல்தான். அதனை எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எவ்வாறு அமைப்பது என்று சொல்லித்தரும் நூல்கள் பல உள்ளன. அது எங்கிருந்து வந்தது, அதற்குள் தமிழன் பெயர் எப்படி நுழைந்தது, எந்த இடத்தில் இன்னும் நுழைய முடியாமல் நிற்கிறது என்பதைச் சொல்லும் எழுத்துகள் குறைவு. ஆகவே அந்த வரலாற்றை இங்கே தொகுத்துத் தர முனைகின்றேன்.

மலைமேல் வந்த முதல் பாரம்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியைக் கண்டு எழுதினார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் என்பவர், இலங்கைத் தேயிலைத் துறையில் அனுபவம் பெற்றிருந்த ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தை இங்கே தொடங்கினார். காட்டை அழித்துக் கன்று நட்டு, கொழுந்து பறித்து, ஆலையில் அரைத்த உழைப்பில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்தோருடையது.

அவர்கள் வாழ்க்கையில் முதல் பாரம் செக்ரோல். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் திரளும். கிராணி பேரேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். வரிசையாகப் பெயர்கள் கீழ்நோக்கி இறங்கும். நாள்கள் குறுக்கே ஓடும். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு வேறொரு குறி. மாதக் கடைசியில் சம்பளம் அந்தக் கட்டங்களைக் கூட்டித்தான் வந்தது. கட்டத்தில் இல்லாத நாள், உழைத்திருந்தாலும், உழைக்காத நாளே.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பேரேட்டில் எழுதியவர் வேறு, எழுதப்பட்டவர் வேறு. பெயருக்குரியவர் அதைப் படித்துப் பார்த்ததில்லை. அது ஆங்கில எழுத்தில் இருந்தது. முனியம்மா என்னும் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும், அடுத்த தாளில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டால், அதைக் கண்டு திருத்தும் வாய்ப்பு முனியம்மாவுக்கு இல்லை. அவர் செய்தது பெருவிரலை மையில் தோய்த்து வைத்ததுதான்.

பள்ளியும் ஒரு பாரத்தின் வழியாகவே வந்தது எனலாம். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பகாங்கும் அந்தக் கூட்டரசில் ஒரு மாநிலம். எனவே பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டில் எண்ணி வைப்பது பள்ளி இருக்குமா, இராதா என்பதையே முடிவு செய்தது. இன்றும் மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இந்த உண்மையை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயது நிறைந்த எல்லாரும் பதிந்துகொண்டு, படமும் பெருவிரல் அடையாளமும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டும் என்ற ஆணை வந்தது. அப்போது அதிகாரி எப்படிக் கேட்டு எப்படி எழுதினாரோ அதுவே அந்தக் குடும்பத்தின் பெயராக நின்றுவிட்டது. ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் இருவரின் அட்டைகளில் தந்தை பெயர் இருவேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் நின்ற இந்தியர்களைப் பதிவு செய்வதற்காக 2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கமே நாடளவில் நடத்தப்பட்டது. ஒரு பாரம் நிரப்பப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வேலை வரை ஒவ்வொரு வாசலும் போராட்டம்தான்.

துளையிட்ட அட்டை

தாளில் இருந்த கட்டம் இயந்திரத்துக்குள் சென்ற கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விரைந்து முடிக்க ஹெர்மன் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு விடைக்கும் அட்டையில் ஓர் இடம். அந்த இடத்தில் துளை இருந்தால் ‘ஆம்’. இயந்திரம் துளைகளை எண்ணியது. பின்னர் 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 நிரல்கள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. ஒரு நிரலுக்கு ஓர் எழுத்து. பெயருக்கு இத்தனை நிரல், ஊருக்கு இத்தனை நிரல் என்று முன்கூட்டியே பங்கிட வேண்டும். பெயர் அதைவிட நீண்டால் வால் வெட்டப்படும்.

இந்தச் சிக்கனப் பழக்கம் அட்டை மறைந்த பின்னும் கணினிக்குள் தங்கிவிட்டது. நம் பிள்ளைகளின் நீண்ட பெயர்கள் தேர்வுச் சீட்டிலும் வங்கி அட்டையிலும் பாதியில் முறிந்து நிற்கக் காணும்போது, அதன் வேர் அந்தப் பழைய அட்டைப் பங்கீட்டில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம்.

இணையம் கேள்வி கேட்கத் தொடங்கிய ஆண்டு

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்து, 1991இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வையவிரிவு வலை, தொடக்கத்தில் படிப்பதற்கு மட்டுமே உரியதாய் இருந்தது. பக்கம் பேசும், படிப்பவர் கேட்பார். படிப்பவர் மறுமொழி கூற ‘ஐஎஸ்இண்டெக்ஸ்’ என்ற ஒற்றைத் தேடல் பெட்டியைத் தவிர வேறு வழியில்லை.

1993ஆம் ஆண்டு இதை மாற்றியது. டேவ் ரேகட் என்பவர் ‘எச்.டி.எம்.எல். பிளஸ்’ என்னும் வரைவில் நிரப்பும் படிவங்களை விவரித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையம் தன் ‘மொசைக்’ உலாவியின் இரண்டாம் பதிப்பில் படிவங்களைச் செயல்படுத்தியது. நிரப்பி அனுப்பிய விடையைப் பெற்றுக்கொண்டு ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் ‘சி.ஜி.ஐ.’ முறையும் அங்கேயே உருவானது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரம் இவற்றை முறைப்படுத்தியது. ‘ஃபார்ம்’, ‘இன்புட்’, ‘செலக்ட்’, ‘டெக்ஸ்ட்ஏரியா’ என்று இன்று நாம் எழுதும் குறிச்சொற்கள் அப்போது நிலைபெற்றவையே.

இதன் உள்ளமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ‘நேம்’ என்று ஒரு பெயர் வைக்கிறோம். நிரப்புபவர் எழுதுவது அதன் மதிப்பு. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் உலாவி பெயரையும் மதிப்பையும் சமக்குறியால் இணைத்து, ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்து அனுப்பிவிடுகிறது. செக்ரோலின் தலைப்பு வரிசையும் கீழே உள்ள கட்டமும் என்ன உறவில் இருந்தனவோ அதே உறவு. கிராணியின் இடத்தில் மட்டும் உலாவி அமர்ந்திருக்கிறது.

1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0 தரம் ‘லேபல்’ என்னும் குறிச்சொல்லைச் சேர்த்தது. எந்தக் கேள்வி எந்தப் பெட்டிக்கு உரியது என்பதை அது கணினிக்கும் அறிவிக்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படிக்க இதுவே துணை. 2014 அக்டோபரில் பரிந்துரையாக வெளிவந்த எச்.டி.எம்.எல். 5, மின்னஞ்சல், நாள், எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெட்டி வகைகளைத் தந்தது.

பெட்டிக்குள் தமிழ் வந்த பாதை

பெட்டி வந்துவிட்டது, அதில் தமிழில் எழுத முடிந்ததா? உடனே முடியவில்லை.

தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்ததில் நம் பகுதிக்குப் பெருமை உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியர்ப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி, 1995 அக்டோபரில் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறக் காரணமாய் இருந்தார். ஆசிரியர்களுக்கு ஆசிரியராய் இருந்த ஒருவர் இப்பணியில் முன்னின்றார் என்பது நம் போன்றோர் நினைவில் வைக்கத்தக்கது. 1997இல் சிங்கப்பூர், 1999இல் சென்னை, 2000இல் மீண்டும் சிங்கப்பூர், 2001இல் கோலாலம்பூர் எனத் தமிழ் இணைய மாநாடுகள் தொடர்ந்தன. ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000இல் பிறந்தது.

அம்மாநாடுகளில் ஓயாமல் பேசப்பட்ட சிக்கல் எழுத்துக் குறியாக்கம். அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் ஒதுக்கப்பட்ட எண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்திருந்தன. ஒவ்வொருவர் எழுத்துருவுக்கும் ஒரு வரிசை. ஒன்றில் ‘க’ இருந்த எண்ணில் மற்றொன்றில் வேறெழுத்து. தன்னார்வலர்கள் கூடி வகுத்த ‘திஸ்கி’, 1999 மாநாட்டை ஒட்டி வந்த ‘டாம்’, ‘டாப்’ ஆகியவை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள்.

படிப்பதற்கான பக்கத்தில் இந்த ஏற்பாடு ஓரளவு செல்லுபடியானது. எழுத்துருவை இறக்கிக்கொண்டால் படித்துவிடலாம். படிவத்தில்தான் அது முறிந்தது. பெட்டிக்குள் உலாவி தன் வழக்கமான ஆங்கில எழுத்துருவையே காட்டும். தமிழில் தட்டியவர் கண்ணுக்குத் தலைப்பாகை கட்டிய ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரியும். அனுப்பி வைத்தாலும் அது எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் சீட்டு எதுவும் அதனுடன் போகாது. பெறும் கணினி ஊகிக்க வேண்டும். ஆகவே தமிழர் நடத்திய தளங்களில்கூட விருந்தினர் பெயரை ஆங்கில எழுத்தில் கேட்பதே வழக்கமாயிற்று. தாளில் கிராணி செய்ததை இப்போது நாமே நமக்குச் செய்துகொண்டோம்.

தீர்வு யூனிகோடு. உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் இத்தரத்தில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 அந்த எண்களை இணையத்தில் அனுப்பும் வழியானது. 1997 ஜனவரியில் எச்.டி.எம்.எல். குறிமொழியைப் பன்மொழிக்கு ஏற்றதாக்கும் ஆவணம் வெளிவந்தது. படிவம் எந்தக் குறியாக்கத்தை ஏற்கும் என்று அறிவிக்கும் வழியை அது தந்தது. ‘விண்டோஸ் 2000’ இயங்குதளம் ‘லதா’ எழுத்துருவோடு வந்தபோது பெட்டிக்குள் தட்டிய தமிழ், தமிழாகவே தெரிந்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணையிட்டது.

பக்கத்தைப் பழைய குறியாக்கத்தில் அறிவித்துவிட்டுத் தமிழ் பெற முயன்றோர்க்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. ‘த’ என்னும் எழுத்தின் யூனிகோடு எண் 2980. அந்தக் குறியாக்கத்தில் ‘த’வுக்கு இடமில்லை என்பதால் உலாவி எழுத்துக்குப் பதிலாக 2980 என்ற எண்ணைக் குறியீடுகளுக்கு நடுவே வைத்து அனுப்பிவிடும். பெயர்ப் பட்டியலைத் திறந்தால் கணக்குப் புத்தகம் போல எண்களாக இருக்கும்!

எழுத்து எண்ணிக்கையில் ஓர் இலக்கணச் சிக்கல்

இனி வருவது தமிழாசிரியர்களின் ஆர்வத்துக்குரியது. ‘முத்து’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்றால் நம் முதலாம் ஆண்டு மாணவன் ‘மூன்று’ என்பான். கணினி ‘ஆறு’ என்னும். அது ம, உகரக்குறி, த, புள்ளி, த, உகரக்குறி என்று எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆக 18. இருபது பைட்டுகள் மட்டுமே கொள்ளும் பழைய தரவுத்தளத்தில் முத்து தப்பித்துவிடுவார். ஆறெழுத்துக் கோவிந்தசாமிக்கு 33 பைட்டுகள் வேண்டும். அவர் பெயர் பாதியில் அறுபடும். பெட்டிக்கு ‘மேக்ஸ்லெங்த்’ என்று நீள எல்லை வைப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பெயர்ப் பெட்டியில் ‘எழுத்துகள் மட்டும்’ என்று விதி வைப்பது வழக்கம். ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் விதி எழுதினால் தமிழ் முழுதும் தள்ளப்படும். உலக எழுத்துகள் அனைத்தும் என்று விரித்து எழுதினாலும் பலர் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். யூனிகோடின் பகுப்பில் ‘க’ எழுத்து. ஆனால் காவில் உள்ள துணைக்காலும், கிகரத்தின் மேல்விலங்கும், மெய்யின் புள்ளியும் ‘குறி’ என்னும் வேறு வகை. குறிகளையும் ஏற்க என்று சேர்த்து எழுதாவிட்டால் ‘கமல’ உள்ளே போகும், ‘கமலா’ வாசலில் நிற்பாள். உயிர்மெய் ஓரெழுத்து என்று தொல்காப்பியக் காலம் முதல் நாம் கற்றுவந்ததை அந்த விதியை எழுதியவர் அறியவில்லை, அவ்வளவுதான்.

‘பொன்னி’ என்ற பெயருக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஒகரக்குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். எகரக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒருவகையில் பதிந்துவிட்டு மற்றொரு வகையில் தேடினால் ‘அப்படி ஒரு மாணவி இல்லை’ என்று விடை வரக்கூடும். இரண்டையும் ஒன்றாக்கிச் சேமிப்பது நிரல் எழுதுவோர் கடமை.

சாய்கோட்டின் தொல்லை

ஆங்கில எழுத்தில் எழுதினால் மட்டும் நம் பெயருக்கு நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. நம் நாட்டில் தந்தை பெயருக்கு முன் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ வருகிறது. ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பவற்றின் சுருக்கம் அது. ஆங்கிலேயர் காலத்துத் தாள்களில் மகன், மகள் என்பதைக் குறித்த ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ ஆகியவற்றின் மலாய் வடிவம். இடையே உள்ள சாய்கோடு கிராணி கைக்குச் சுளுவானது. கணினிக்கு அது கரடுமுரடு.

விமான முன்பதிவு அமைப்புகளில் சாய்கோடு குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் பிரிக்கும் குறி. ஆகவே பெயருக்குள் மற்றொரு சாய்கோடு வரக்கூடாது. வேறு பல தளங்கள் பாதுகாப்புக் கருதி எழுத்தல்லாத எதையும் தள்ளிவிடுகின்றன. விளைவாக, அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் பயணச்சீட்டில் வேறுவிதமாகவும் நம் பெயர் திரிகிறது.

‘இயற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டும் கட்டாயம் என்னும் படிவங்கள் இன்னொரு வகை. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. இரண்டாம் பெட்டியில் தந்தை பெயரை எழுதினால், மகளுக்கு வரும் கடிதம் தந்தையை விளித்துத் தொடங்கும். ஒற்றைப் பெயர் கொண்டோர் நிலை இன்னும் மோசம். புள்ளி வைத்துத் தப்பிக்கிறார்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே உலகப் பெயர் மரபுகளைப் பற்றிய வழிகாட்டிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டு, முடிந்தவரை ‘முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி வைக்குமாறு அறிவுறுத்துகிறது. பெட்டியை வரைந்தவர் தம் ஊர் வழக்கத்தை உலக வழக்கம் என்று எண்ணிவிட்டார். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பாடம் நமக்கும் உரியது. இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் நாளை வரையும் படிவத்தில் அவர்கள் பெயரும் நோகாமல் உட்கார இடம் இருக்க வேண்டும்.

ஆசிரியரே படிவம் செய்த காலம்

2020ஆம் ஆண்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வியமைச்சு ஜூன் மாதத்தில் ‘டெலிமா’ தளத்தை அறிமுகப்படுத்தியது. ஆசிரியர்கள் கூகுள் படிவங்களில் பயிற்சிகளைத் தயாரித்துக் கைப்பேசிக்கு அனுப்பினர். ஒரு குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி, மலை மடிப்புகளில் விட்டு விட்டு வரும் அலைவரிசை என்ற நிலையிலும் பிள்ளைகள் விடையனுப்பினார்கள்.

வரலாற்று நோக்கில் அது ஒரு திருப்பம். செக்ரோல் காலந்தொட்டுப் படிவத்தால் கேட்கப்படுவோராகவே இருந்த ஒரு சமூகத்தின் ஆசிரியர்கள், அந்த மாதங்களில் ஆயிரக்கணக்கான படிவங்களைத் தாமே அமைத்துக் கேள்வி கேட்டார்கள், அதுவும் தமிழில். எனினும் அது பிறர் செய்து வைத்த அச்சில் வார்த்த படிவம். அச்சை நாமே செய்யக் கற்றால்தான் அதன் குறையை அறியவும் திருத்தவும் முடியும்.

இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவத்துக் கணினி அறிவியல் பாடத்தில் வலை நிரலாக்கம் இருக்கிறது. அதற்கு முன்பே, தொடக்கப்பள்ளியின் மேல்நிலை மாணவர்களுக்கு இதன் அடிப்படையைக் காட்டிவிடலாம். இணைய இணைப்பும் வேண்டியதில்லை. பழைய கணினி ஒன்றும் ‘நோட்பேட்’ செயலியும் போதும். வகுப்பு நூலகத்துக்கு நூல் இரவல் படிவம் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

1. பக்கத்தின் தொடக்கத்தில் ‘மெட்டா சார்செட்’ வரியில் யூ.டி.எஃப்-8 என்று அறிவிக்க வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போதும் அதே குறியாக்கம்.

2. ‘ஃபார்ம்’ குறிச்சொல்லைத் திறக்க வேண்டும். அதில் ‘மெத்தட்’ என்பதற்கு ‘கெட்’ என்று கொடுத்து, ‘ஆக்‌ஷன்’ என்பதை இப்போதைக்கு எழுதாமல் விடலாம்.

3. ஒவ்வொரு கேள்வியையும் ‘லேபல்’ குறிச்சொல்லுக்குள் எழுதி, அதன் ‘ஃபார்’ மதிப்பும் பெட்டியின் ‘ஐடி’ மதிப்பும் ஒன்றாக இருக்குமாறு வைக்க வேண்டும்.

4. மாணவர் பெயருக்கும் நூலின் பெயருக்கும் ‘டெக்ஸ்ட்’ வகைப் பெட்டி. இரவல் நாளுக்கு ‘டேட்’ வகை. வகுப்பைத் தேர்ந்தெடுக்க ‘செலக்ட்’. நூலைப் பற்றிய கருத்துக்கு ‘டெக்ஸ்ட்ஏரியா’.

5. ஒவ்வொன்றுக்கும் ‘நேம்’ வைக்க மறக்கக்கூடாது. பெயரில்லாத பெட்டியின் விடையை உலாவி அனுப்பாது. செக்ரோலில் தலைப்பில்லாத நிரல் எதற்கும் உதவாததைப் போல.

6. கடைசியில் ‘பட்டன்’, பிறகு ‘ஃபார்ம்’ குறிச்சொல்லை மூட வேண்டும்.

கோப்பை உலாவியில் திறந்து, நிரப்பி, பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். முகவரிப் பட்டையில் கேள்விக்குறியை அடுத்துப் பெட்டியின் பெயரும் மாணவன் தந்த விடையும் சமக்குறியோடு வந்து நிற்கும். ‘என் பெயர் அங்கே போய்விட்டது!’ என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். அந்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்து விழுக்காட்டுக் குறிகளோடு 45 எழுத்தாய் விரிந்திருப்பதையும் காட்டலாம். ஐந்து குறியெண்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்துகள். கணிதப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

அதே காட்சி பாதுகாப்புப் பாடத்தையும் தருகிறது. ‘கெட்’ முறையில் விடைகள் முகவரியில் அம்பலமாகின்றன. அதனால் அந்தரங்கத் தகவலுக்கு ‘போஸ்ட்’ முறையும் பாதுகாக்கப்பட்ட இணைப்பும் வேண்டும். அதைவிட முதன்மையானது, தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பது. நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்களைப் பாருங்கள்: முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எண் ஒன்றைக் கேட்டால் மூன்று செய்திகளைச் சேர்த்துக் கேட்டதாகிறது. பெயர் எழுதப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் அந்த எண் எதற்கு? வணிகத் துறையில் தனிநபர் தரவுகளைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பிள்ளைகளின் தகவலைக் காப்பது ஆசிரியரின் அறம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளையின் பிறப்பைப் பதியும்போதும், முதலாமாண்டுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போதும், கட்டத்தில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோர் அட்டை, பள்ளிப் பதிவு மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் இளமையிலேயே திருத்திவிடுங்கள். திரை புரியவில்லையென்றால் பள்ளிக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். நம் முன்னோர்க்குப் பேரேட்டைத் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. நமக்கு ‘அனுப்பு’ என்னும் பொத்தானுக்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் இந்த நூல் இரவல் படிவத்தைச் செய்து பாருங்கள். முதல் பெட்டிக்கு ‘முழுப்பெயர்’ என்று தமிழில் தலைப்பிடுங்கள். பிள்ளைகள் தம் பெயரைத் தமிழில் தட்டி, அது சிதையாமல் வந்து நிற்பதைக் காணட்டும்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
கேமரன் மலையிலிருந்து ஒரு தமிழாசிரியர்